வேண்டும், முடியும், கூடும், லாம்: ஒன்றோடொன்று சேரும்போது பொருள் எப்படி மாறுகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிறர் மொழிபெயர்த்த அறிவிப்புகள், படிவங்கள், மருந்துத் தாள்கள் ஆகியவற்றைத் திருத்திக் கொடுப்பது என் வேலை. அதில் நான் அதிகம் கைவைக்கும் இடம் வாக்கியத்தின் கடைசி இரண்டு மூன்று சொற்கள்தான். 'செய்ய வேண்டும்', 'செய்ய முடியாது', 'செய்யலாம்' என்று வரும் அந்த வால் பகுதியில் ஒரு சொல் மாறினால் கட்டளை அனுமதியாகிவிடும், அனுமதி தடையாகிவிடும். அதைப் பற்றி என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளை இங்கே எழுதியிருக்கிறேன்.

இவை எல்லாம் ஒரே வகைச் சொற்களா?

செய்யும் வேலை ஒன்று, பிறந்த இடம் வேறு வேறு. ஒரு செயல் கட்டாயமா, இயலுமா, நடக்க வாய்ப்புண்டா, அனுமதி உண்டா என்பதைச் சொல்லும் துணைவினைகள் இவை. ஆனால் எல்லாமே முதலில் சாதாரண வினைகளாக இருந்தவை. 'வேண்டு' என்றால் விரும்பு. 'முடி' என்றால் நிறைவேறு. 'கூடு' என்றால் ஒன்றுசேர், கைகூடு. 'லாம்' மட்டும் தனிச் சொல்போலவே தெரியாது, ஆனால் அதுவும் இரண்டு துண்டுதான்: செய்யல் + ஆம் = செய்யலாம். 'ஆம்' என்பது 'ஆகும்' என்பதன் குறுக்கம். செய்வது ஆகும், அதாவது செய்வது ஒத்துவரும்.

பழைய பொருளும் புதிய வேலையும் ஒரே இடத்தில் நிற்பதைத் திருக்குறளில் பார்க்கலாம். 'அடல்வேண்டும் ஐந்தன் புலத்தை விடல்வேண்டும் வேண்டிய எல்லாம் ஒருங்கு' என்பது 343ஆம் குறள். முதல் இரண்டு 'வேண்டும்' கட்டாயம் சொல்கின்றன. ஐம்புல ஆசையை வெல்லுதல் வேண்டும், விடுதல் வேண்டும். மூன்றாவதாக வரும் 'வேண்டிய' ஆசைப்பட்டதைச் சொல்கிறது. ஆசைப்பட்டதை எல்லாம் விட்டே ஆக வேண்டும் என்பதற்கு ஆசையைக் குறிக்கும் அதே சொல்லைப் பயன்படுத்தியிருப்பதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு குறைவதில்லை.

'நாங்கள் வரும்' தவறு, ஆனால் 'நாங்கள் வர வேண்டும்' சரி. எப்படி?

'வரும்', 'செய்யும்' போன்ற வினைமுற்றுகள் தன்மையிலும் முன்னிலையிலும் பலர்பாலிலும் வராது என்று நன்னூலே சொல்கிறது. 'வேண்டும்' என்பதும் அந்த வாய்பாட்டுச் சொல்தான். இருந்தும் 'நான், நீங்கள், அவர்கள்' எல்லாவற்றோடும் வருகிறது. மேலே பார்த்த குறளே இதை விளக்கிவிடும். வேண்டப்படுவது 'வெல்லுதல்' என்ற செயல். 'வேண்டும்' அந்தச் செயலைப் பற்றிப் பேசுகிறது, ஆளைப் பற்றி அல்ல. முடியும், கூடும், லாம் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். அதனால்தான் இவற்றுக்குத் திணை, பால், எண், இட விகுதி ஒட்டுவதில்லை.

'முடிய வேண்டும்' சரி. 'வேண்ட முடியும்' ஏன் சரிப்படவில்லை?

இதுதான் இந்தப் பக்கத்தின் நடுமையம், கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

தமிழில் இந்தச் சொற்கள் வினைக்குப் பின்னால் வரிசையாக நிற்கும். வினைக்குப் பக்கத்தில் நிற்பது உள்ளே இருக்கிறது. கடைசியில் நிற்பது எல்லாவற்றையும் போர்த்தியிருக்கிறது. ஆகவே பொருள் பார்க்கும்போது வினையிலிருந்து தொடங்கி வெளியே வர வேண்டும். 'தனியாக நடக்க முடிய வேண்டும்' என்பதில் முதலில் நடப்பது, அதன்மேல் இயலுதல், அதற்கும் மேல் தேவை. அறுவைச் சிகிச்சை முடிந்து வீட்டுக்கு அனுப்பும் முன் மருத்துவர் சொல்கிற வாக்கியம் இது. நோயாளி நடந்தே ஆக வேண்டும் என்று அவர் சொல்லவில்லை, நடக்கும் திறன் வந்திருக்க வேண்டும் என்கிறார்.

உள்ளே நிற்கும் சொல் 'செய', 'செய்து' போன்ற எச்ச வடிவத்துக்கு மாறினால்தான் அடுத்த சொல் அதன்மேல் ஏறும். 'முடியும்' சுலபமாக 'முடிய' ஆகிறது. 'வேண்டும்' அப்படி 'வேண்ட' ஆனால் 'இறைவனை வேண்ட' என்ற பழைய வினைக்கே திரும்பிப் போய்விடுகிறது, துணைவினையாக நிற்பதில்லை. அது 'வேண்டி' என்று மாறி 'இரு' அல்லது 'வா' என்ற வினையைத் துணைக்கு அழைத்துக்கொள்கிறது: போக வேண்டியிருக்கலாம், காத்திருக்க வேண்டி வரும். 'கூடும்' இன்னும் சிக்கல். 'வரக்கூட' என்றால் இன்று 'வருவதற்குக்கூட' என்றுதான் காதில் விழும். ஆகவே அதன்மேல் வேறு எதையும் ஏற்ற முடியாது.

'லாம்' எச்சமாகவே மாறாது. அது எங்கே வந்தாலும் கடைசி ஆள். அதன்மேல் எதையாவது வைத்தே தீர வேண்டும் என்றால் 'என்று' போட்டு மூடித்தான் வைக்க வேண்டும். 'ஊருக்குப் போகலாம் என்று இருக்கிறேன்' என்பது அப்படிப் பிறந்த வாக்கியம். அதில் அனுமதியும் இல்லை, ஐயமும் இல்லை. எண்ணம் வந்துவிட்டது, டிக்கெட் இன்னும் எடுக்கவில்லை என்ற அந்த இடைநிலையை இவ்வளவு சுருக்கமாகச் சொல்ல வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

எழுவாய் ஏன் 'நான்', 'எனக்கு', 'என்னால்' என்று மாறிக்கொண்டே இருக்கிறது?

உள்ளே நிற்கும் சொல் கேட்பதைப் பொறுத்து மாறுகிறது. 'முடியும்' என்பதற்கு 'ஆல்' வேண்டும்: என்னால் தூக்க முடியும். 'தெரியும்' என்பதற்கு 'கு' வேண்டும்: எனக்கு நீந்தத் தெரியும். இப்போது இரண்டின் மேலும் 'வேண்டும்' ஏற்றிப் பாருங்கள். 'என்னால் தூக்க முடிய வேண்டும்.' 'எனக்கு நீந்தத் தெரிய வேண்டும்.' வெளியே ஒரே சொல் நின்றாலும் வேற்றுமை உருபு உள்ளே இருப்பதன் பேச்சைத்தான் கேட்கிறது. அடுக்கு எந்த வரிசையில் இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை.

'வேலை இந்நேரம் முடிந்திருக்க வேண்டும்', 'அவளால் இந்நேரம் கிளம்ப முடிந்திருக்க வேண்டும்' என்ற இரண்டையும் பக்கத்தில் வைத்தால் இன்னொன்றும் புரியும். முதலாவதில் 'முடி' பழைய நிறைவேறுதல். இரண்டாவதில் இயலுதல். பிரித்துக் காட்டுவது 'ஆல்' என்ற அந்தச் சின்ன உருபும் 'கிளம்ப' என்ற எச்சமும்தான். பேச்சிலும் பாருங்கள்: 'என்னால முடியல' என்றால் அந்த வேலை ஆகவில்லை. 'எனக்கு முடியல' என்றால் உடம்பு சரியில்லை. யாழ்ப்பாணத்தில் 'எனக்கு ஏலாது' என்று சொன்னாலும் அதே சோர்வுதான். 'ஏலும்' என்பது 'இயலும்' என்பதன் பேச்சு வடிவம்.

'வேண்டாம்', 'கூடாது', 'வேண்டியதில்லை' மூன்றும் ஒன்றுதானே?

இல்லை. இதை ஒன்று என்று நினைத்து யாரோ எழுதியதால் என் அம்மா ஒரு நாள் அவதிப்பட்டார், அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

ஓர் இரத்தப் பரிசோதனை நிலையத்தில் கொடுத்த தாளில் 'வெறும் வயிற்றில் வர வேண்டாம்' என்று அச்சிட்டிருந்தது. அந்தச் சோதனைக்குப் பட்டினி கிடக்கத் தேவையில்லை, சாப்பிட்டும் வரலாம், சாப்பிடாமலும் வரலாம் என்பதுதான் அவர்கள் சொல்ல நினைத்தது. அம்மா அதைத் தடையாகப் படித்தார். காலை ஐந்தரை மணிக்கு எழுந்து, பசியே இல்லாமல் மூன்று இட்லியைக் கஷ்டப்பட்டு விழுங்கி, வழியெல்லாம் குமட்டலோடு வந்தார். அம்மா படித்ததில் தவறே இல்லை. தாளில் இருந்த வாக்கியம் அந்தப் பொருளையும் தரும்.

மறுப்பு எங்கே போய் உட்காருகிறது என்பதுதான் விஷயம். 'கட்டாயம் இல்லை' என்றால் மறுப்பு கட்டாயத்தின் மேல் நிற்கிறது. 'வராமல் இருப்பது கட்டாயம்' என்றால் மறுப்பு செயலின் மேல், கட்டாயத்துக்கு உள்ளே நிற்கிறது. முதலாவது விடுதலை, இரண்டாவது தடை. தமிழில் 'வர வேண்டியதில்லை' முதல் பொருளை மட்டும் தரும். 'வரக் கூடாது', 'வராமல் இருக்க வேண்டும்' இரண்டாவதை மட்டும் தரும். 'வர வேண்டாம்' இரண்டு பக்கமும் சாயும். நேரில் பேசும்போது இதனால் தொல்லை இல்லை, கேள்வியே வழிகாட்டிவிடும். 'நானும் வரணுமா?' என்று கேட்டு 'வேண்டாம்' என்று பதில் வந்தால் தேவையில்லை என்று பொருள். 'நானும் வரலாமா?' என்று கேட்டு அதே 'வேண்டாம்' வந்தால் வராதே என்று பொருள். அச்சிட்ட தாளில் கேள்வி இருக்காது, குரலும் இருக்காது.

ஆகவே அறிவிப்பு எழுதுபவர்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது ஒன்றுதான். விலக்கு அளிக்கிறீர்கள் என்றால் 'தேவையில்லை' அல்லது 'வேண்டியதில்லை' என்று எழுதுங்கள். தடுக்கிறீர்கள் என்றால் 'கூடாது' என்று எழுதுங்கள். கடுமையாகத் தெரிகிறதே என்று தயங்கி 'வேண்டாம்' போடுவது மரியாதைபோலத் தோன்றும், ஆனால் படிப்பவரைத் திண்டாட விட்டுவிடும்.

'செய்யலாம்' என்பதற்கு எதிர்மறை எது?

ஒன்றல்ல. 'லாம்' அனுமதியாக இருந்தால் எதிர்மறை 'செய்யக் கூடாது'. வாய்ப்பாக இருந்தால் 'செய்யாமல் இருக்கலாம்' அல்லது 'செய்யாமல் போகலாம்'. பிறப்பின்படி பார்த்தால் நேர் எதிர்மறை 'செய்யலாகாது', அதாவது செய்யல் + ஆகாது. அது இன்று கனமான எழுத்து நடையில் மட்டும், அதுவும் தடைப் பொருளில் மட்டும் தங்கிவிட்டது.

'கூடும்' இதைவிடக் கோணல். 'மழை பெய்யக்கூடும்' என்பது ஊகம். 'பெய்யக்கூடாது' என்றால் பெய்யாமல் இருந்தால் நல்லது என்ற விருப்பம். பெய்ய வாய்ப்பில்லை என்ற பொருள் அதிலிருந்து வராது. உடன்பாடும் எதிர்மறையும் வேறு வேறு தெருவுக்குக் குடிபோன சொல் அது.

'வந்திருக்க வேண்டும்' என்றால் வந்தாரா, வரவில்லையா?

இரண்டும் ஆகும். வாசலில் மாமாவின் செருப்பு கிடக்கிறது, திண்ணையில் அவருடைய மஞ்சள் பை இருக்கிறது. 'மாமா வந்திருக்க வேண்டும்' என்கிறோம். இது ஊகம், வந்துவிட்டார். இன்னொரு வீட்டில் இலை போட்டாயிற்று, பஸ் போய் ஒரு மணி நேரம் ஆயிற்று, செருப்பைக் காணோம். அங்கேயும் 'மாமா வந்திருக்க வேண்டும்' என்கிறோம். இது முறை, இன்னும் வரவில்லை.

அடுக்கு ஒன்றுதான்: வந்து + இருக்க + வேண்டும். ஆனால் 'வேண்டும்' எதைத் தாங்குகிறது என்பது மாறுகிறது. முதல் வீட்டில் சாட்சியங்கள் அப்படி நினைக்கக் கட்டாயப்படுத்துகின்றன. இரண்டாவது வீட்டில் பேச்சும் ஏற்பாடும் அவர் வருகையைக் கட்டாயமாக்கியிருந்தன. 'வந்திருக்கலாம்' என்பதற்கும் இதே இரட்டை முகம் உண்டு: வந்தும் இருக்கக்கூடும், அல்லது, வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்ற மனக்குறை. 'ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்' என்று வருத்தத்தோடு சொல்லும்போது யாரும் அதை ஊகமாக எடுத்துக்கொள்வதில்லை.

நடந்தே விட்ட கட்டாயத்தைச் சொல்ல வேறு வடிவம் இருக்கிறது. 'வர வேண்டியிருந்தது' என்றால் வந்தாயிற்று, விருப்பமில்லாமல் என்ற சாயலும் பல நேரம் ஒட்டிக்கொள்ளும். எழுத்தில் குழப்பம் வரும் என்று தோன்றினால் பக்கத்தில் ஒரு சாட்சியை வைத்துவிடுங்கள். செருப்பு கிடக்கிறது என்று ஒரு வாக்கியம் போதும்.

'ஒருவேளை', 'நிச்சயம்', 'கட்டாயம்' போன்ற சொற்கள் இவற்றோடு எப்படிச் சேரும்?

'நாளைக்கு வரலாம்' என்று மட்டும் எழுதினால் அனுமதியா, வாய்ப்பா என்று தெரியாது. 'ஒருவேளை நாளைக்கு வரலாம்' என்றதும் வாய்ப்பு மட்டும் மிஞ்சும். 'நிச்சயம் நாளைக்கு வரலாம்' என்றதும் அனுமதி மட்டும் மிஞ்சும், ஏனென்றால் ஒரே விஷயத்தில் நிச்சயமும் ஐயமும் சேர்ந்து நிற்காது. வாக்கியத்தின் தலையில் வைத்த சொல் வாலில் இருக்கும் சொல்லுக்குப் பொருளைத் தேர்ந்து கொடுக்கிறது.

அதே காரணத்தால் செருப்பைப் பார்த்துவிட்டு 'ஒருவேளை வந்திருக்க வேண்டும்' என்று சொன்னால் காதில் இடிக்கிறது. ஊகம் உறுதியாக இருக்கும்போது 'ஒருவேளை' அதைப் பின்னால் இழுக்கிறது. அங்கே 'ஒருவேளை வந்திருக்கலாம்' என்பதே பொருந்தும். மொழிபெயர்ப்புகளில் இந்த முரண் நிறைய வரும், திருத்துங்கள்.

'செய்யாமல் இருக்க முடியாது' என்றால் செய்ய வேண்டும் என்றுதானே?

கிட்டத்தட்ட. இரண்டு மறுப்பு ஒன்றையொன்று அழித்துவிடும், ஆனால் தடம் இல்லாமல் அழியாது. 'பாட வேண்டும்' என்பது வெளியிலிருந்து வரும் கட்டாயம். 'பாடாமல் இருக்க முடியாது' என்பது பெரும்பாலும் உள்ளிருந்து வரும் உந்துதல். 'சிரிக்காமல் இருக்க முடியவில்லை' என்பதை 'சிரிக்க வேண்டியிருந்தது' என்று மாற்றினால் முதலாளியின் நகைச்சுவைக்குச் சிரித்ததுபோல ஆகிவிடும்.

பெயருக்கு முன்னால் போட 'லாம்' வடிவம் இல்லையே, என்ன செய்வது?

'செய்யலாம்' என்பதற்குப் பெயரெச்சம் கிடையாது. அந்த வெற்றிடத்தை 'கூடிய' நிரப்புகிறது: சாப்பிடக்கூடிய காளான். கொஞ்சம் எழுத்து நடை வேண்டுமென்றால் 'உண்ணத்தக்க'. 'வேண்டும்' என்பதற்கு 'வேண்டிய' இருக்கிறது, 'கூடாது' என்பதற்கு 'கூடாத' இருக்கிறது. 'முடியும்' என்பதற்கு 'முடிந்த', 'முடியாத'. 'வேண்டாத' என்பதில் மட்டும் கவனம் தேவை. 'வேண்டாத வேலை' என்றால் தேவையற்ற வேலை என்பதோடு கண்டிப்பும் சேர்ந்து வரும்.

அதிகபட்சம் எத்தனை அடுக்கு போகலாம்?

இலக்கணம் எண்ணிக்கை வைக்கவில்லை, மூச்சுதான் வைக்கிறது. மூன்று அடுக்குவரை இயல்பாகப் போகும். 'அவர் வெளியிலேயே காத்திருக்க வேண்டியிருந்திருக்கலாம்' என்பதை உரித்துப் பாருங்கள். உள்ளே காத்திருத்தல். அதன்மேல் 'வேண்டி', கட்டாயம். அதன்மேல் 'இருந்து', அந்தக் கட்டாயம் கடந்த காலத்தில் இருந்தது. எல்லாவற்றுக்கும் மேல் 'இருக்கலாம்', இது என் ஊகம். ஊகம் எப்போதும் வெளியே, கட்டாயமும் இயலுதலும் உள்ளே. 'ஊகிக்க வேண்டிய கட்டாயம்' என்று தலைகீழாக்க நினைத்தால் துணைவினை உதவாது, தனிச் சொற்களால்தான் சொல்ல வேண்டும்.

மற்ற மொழிகளிலும் இப்படித்தானா?

வரிசையின் உணர்வு பல மொழிகளில் ஒத்துப்போகிறது, தடை மட்டும் வேறு இடத்தில் இருக்கும். ஆங்கிலத்தில் 'மே' (லாம்), 'மஸ்ட்' (வேண்டும்) இரண்டையும் அடுத்தடுத்து வைக்க முடியாது. 'மஸ்ட்' என்பதற்கு எச்ச வடிவம் இல்லை, ஆகவே 'மே ஹேவ் டு' என்று சுற்றிப் போகிறார்கள். நம் 'வேண்டி இருக்கலாம்' சுற்றிப் போவதுபோலவே. ஸ்காட்லாந்திலும் அமெரிக்காவின் தென்பகுதியிலும் 'மைட் குட்' (might could) என்று இரண்டு துணைவினைகளைச் சேர்த்தே பேசுகிறவர்கள் உண்டு. ஜெர்மன் மொழியில் இந்தச் சொற்களுக்கு எச்ச வடிவம் இருப்பதால் அடுக்குவது எளிது.

மறுப்புதான் எல்லா மொழியிலும் கண்ணி. ஆங்கிலத்தில் 'மஸ்ட் நாட்' என்றால் கூடாது. ஜெர்மனில் அதே உறவுச் சொல்லான 'மியூசென்' மறுப்போடு வந்தால் வேண்டியதில்லை. சொல்லுக்குச் சொல் மாற்றினால் பரிசோதனைத் தாளில் நடந்ததே அங்கேயும் நடக்கும்.

சேர்த்து எழுதுவதா, பிரித்து எழுதுவதா?

'லாம்' எப்போதும் சேரும். 'செய்ய வேண்டும்', 'செய்ய முடியும்' இரண்டையும் சேர்த்தும் பிரித்தும் அச்சிடுகிறார்கள். நான் பிரித்தே எழுதுகிறேன், அடுக்கு கண்ணுக்குத் தெரியும் என்பதால். ஒற்றை விட்டுவிடாதீர்கள்: செய்யக் கூடாது, செய்யத் தெரியும். 'கூடும்', 'கூடிய' இரண்டையும் மட்டும் சேர்த்து எழுதுவது நல்லது. 'வரக்கூடும்' என்பதை 'வரக் கூடும்' என்று பிரித்து, வரி முடிவில் 'வரக்' ஒரு பக்கமும் 'கூடும்' மறு பக்கமும் விழுந்தால், அடுத்த வரியைத் தொடங்குகிறவர் ஒரு கணம் கூட்டம் கூடுவதாகப் படித்துவிடுவார்.